நடுக்கம் நிற்கும்வரை

அந்தப் பிள்ளையின் கை நடுங்குவதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். பயம் எங்கெங்கோ சுற்றிவிட்டு எல்லாம் முடிந்தபிறகு சாவகாசமாக வரும். "பென்சில ஒழுங்காப் பிடி" என்று அதட்டினேன். பிடித்தாள். அப்போதும் நடுங்கியது. பின்னறைப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்பேச்சுக் கேட்டு அப்படிப் போனதற்காக வகுப்பு முன்னால் அவளைப் பாராட்டவும் செய்தேன். ஒரு பிள்ளையைப் பாராட்டிப் பாராட்டியே சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

கொடைக்கானல் மலையில் கூக்காலுக்கும் அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர் அது. பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் பாதி நாள் கொடைக்கானலில் ஏதாவது கூட்டத்தில் இருப்பார். மீதி ஆள் நான். எனக்குப் பழனி. அடிவாரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பம். கூட்டத்துக்கு மேல் குரல் எடுத்துப் பேசியே வளர்ந்ததால் வாய் கொஞ்சம் நீளம். திங்கட்கிழமை காலை மேலே ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். இடையில் அந்த ஊரிலேயே ஒரு வாடகை அறை.

ஐந்து பேர் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருந்தார்கள். நான்கு பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் நான் சொல்லவந்த பிள்ளை. நான்காம் வகுப்பு. அப்பாவுக்குக் கொஞ்சம் பூண்டுக்காடு, கொஞ்சம் கேரட். அவளுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். புத்தி இருந்தது, பொறுமைதான் இல்லை. ஒரு கணக்கு தப்பாகப் போனால் பென்சிலைக் கடிப்பாள், தாளைக் கிழிப்பாள், பிறகு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து "எனக்கு வராது, எனக்கு வராது" என்று அழுவாள். அவளைப் பார்த்து மற்ற நான்கும் ஆட்டம் போடும். ஒரு மணி நேரம் முழுசாகப் போய்விடும்.

அந்த வருஷம் திண்டுக்கல்லில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். பின்தங்கிய பிள்ளைகளுக்கு முதலில் பாடத்தைவிடத் தன்னைத் தானே அடக்கி ஆளத்தான் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். அடித்தோ மிரட்டியோ இல்லை. மனசு கொதிக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடித்து, தானே எழுந்துபோய் ஓர் அமைதியான மூலையில் உட்கார்ந்து, ஆறியதும் தானே திரும்பி வர வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். கோபத்தை அடக்கத் தெரியாதவள் அடக்கம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினாள் என்று என் வீட்டிலேயே கேலி.

மூலைக்கு எங்கே போவது? வகுப்பறைக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது. சின்ன ஜன்னல் ஒன்று, கதவு ஒன்று. கூட்டிப் பெருக்கி, ஒரு பாயும் ஒரு போர்வையும் போட்டேன். "யாரும் உங்கள அனுப்ப மாட்டாங்க. ஒங்களுக்கே தோணுச்சுன்னா போங்க. சரியாயிருச்சுன்னா நீங்களே வாங்க" என்றேன். முதல் வாரம் விளையாட்டாகத்தான் போனார்கள். பிறகு ஒருநாள், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் தடுக்கி விழுந்த அந்தப் பிள்ளை, பென்சிலைக் கடிக்க வாய் வரை கொண்டுபோய், கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். பத்து நிமிஷம் இருக்கும். வெளியே வந்து அதே கணக்கைப் போட்டாள். சரியான விடை. "வந்துருச்சு டீச்சர்!" என்று அவள் கத்தியதில் சத்துணவு சமைக்கிற அக்கா கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். தை மாதத்துக்குள் உன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது என்று அவளிடம் சொன்னேன். அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆவணியில் பூண்டு எடுத்தார்கள். அடுத்த நடவுக்கான விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதுதான் அங்கே வழக்கம். புகை ஏறினால் புழு வராது. இப்போது எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு, கான்கிரீட் கூரை. புகையும் இல்லை, மழைக்கு அந்தக் கூரை வேர்க்கிறது. அதனால் சாக்கில் போட்டு, வெள்ளைப் பொடி ஒன்றைத் தூவி, காய்ந்த இடமாகப் பார்த்து அடுக்கிவைக்கிறார்கள். ஊரிலேயே காய்ந்த இடம் பள்ளிக்கூடத்துப் பின்னறை. அந்தப் பிள்ளையின் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

"ரெண்டே மாசந்தான் டீச்சர். ஐப்பசில நடவு வந்துரும், எடுத்துருவோம். பிள்ளைக சோலிக்கு எடைஞ்சல் இருக்காதுங்க."

தலைமையாசிரியர் ஊரில் இல்லை. நான்தான் சரி என்றேன். கேட்டால் கொடுக்கிற டீச்சர் என்று பெயர் வாங்க ஆசை, வேறென்ன. பொடி என்னவென்று கேட்டேனா? கேட்கவில்லை. பழனியில் பிறந்தவளுக்குப் பூண்டென்றால் குழம்பில் போடுவது, அவ்வளவுதான். சாக்கு அடுக்கியபிறகு பாய் விரிக்க இடமில்லை. பிள்ளைகள் சாக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். மெத்தை மாதிரி இருக்கிறதென்று சொன்னார்கள். பூண்டு நெடி தூக்கலாக அடித்ததில் அதற்கு அடியில் வேறு நெடி ஏதும் இருந்ததா என்று எந்த மூக்குக்கும் தெரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்தது விடவே இல்லை. காட்டில் கால் வைக்க முடியாத சேறு, நடவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சாக்கு அப்படியே கிடந்தது. சாரல் அடிக்கிறதென்று பின்னறை ஜன்னலை ஆணி வைத்து அடைத்தோம். பகல் பதினொரு மணிக்கே வகுப்பில் விளக்குப் போட வேண்டியிருந்தது. மூடுபனி கதவு வழியாக உள்ளே வந்து கரும்பலகையை நனைத்தது. காலையில் கூட்டும்போது சத்துணவு அக்கா பின்னறையிலிருந்து பல்லிகளை வாரிக்கொண்டு வருவார். வெள்ளை வயிறு மேலே தெரிய மூன்று, நான்கு.

"தெனமும் செத்துக் கெடக்கு டீச்சர்."

"குளிருக்குத்தான்க்கா" என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா!

கை நடுக்கம் அந்த வாரத்தில்தான் தொடங்கியது. பரீட்சைப் பயம் என்று நினைத்தேன். அந்தக் குளிரில் அவள் நெற்றி வேர்த்தது. முயற்சி செய்கிறாள் என்று நினைத்தேன். நோட்டில் எச்சில் சொட்டியது. "நாலாப்புப் படிக்கிற, இன்னும் கைப்பிள்ளையா நீ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மறுநாளிலிருந்து அவள் சொட்டவிடவில்லை. நிமிஷத்துக்கு ஒருதரம் தொண்டை அசைய விழுங்கிக்கொண்டே எழுதினாள். அதைப் பார்த்து எனக்குப் பெருமை. அடக்கம் வந்துவிட்டதாம்! எனக்கும் அந்த நாட்களில் தலைவலி இருந்தது. ஆனால் நான் வாசலோரம் உட்காருகிறவள். ஒரு மாத்திரை போட்டால் போய்விடும்.

பயிற்சியில் சொன்னதற்கு மேல் நானாகவே ஒரு விதியும் சேர்த்தேன். "கை நடுக்கம் நின்னதும் வெளிய வா. நிக்காம வந்து எழுதாத" என்று அவளிடம் சொன்னேன். நோட்டு அசிங்கமாகிறதே என்ற எரிச்சலில் சொன்னது. அதன்பிறகு அவள் உள்ளே இருக்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. பத்து நிமிஷம் இருபதானது, இருபது அரை மணியானது. திரும்பி வரும்போது கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாள். நடுக்கம் நின்றுவிட்டது போலத்தான் தெரியும்.

சத்துணவு அக்கா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "அந்தப் புள்ள முழி சரியில்ல டீச்சர். கண்ணுக்குள்ள கருப்பே சிறுத்துப்போய்க் கெடக்கு. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்க."

"நீங்க சோத்தப் பாருங்கக்கா. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

 குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அந்த வாக்கியத்தை நான் சொன்ன தொனி இப்போதும் காதில் கேட்கிறது. அப்படியே வாயில் ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை நான் பழனியிலிருந்து வந்து இறங்கியபோது மழை நின்றிருந்தது. ஆனால் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. முந்தின நாள், ஈரத்தில் விதையில் புழு வைத்துவிட்டதென்று, மூன்று வீட்டுக்காரர்களும் பின்னறைக்கு வந்து சாக்கை எல்லாம் பிரித்து இன்னொருமுறை பொடி போட்டிருக்கிறார்கள். இந்தமுறை தாராளமாக. அது எனக்குத் தெரியாது. தரையில் வெள்ளையாகக் கிடந்ததை நான் பார்க்கவுமில்லை. பின்னறைக்குள் நான் நுழைந்தே எத்தனை வாரமோ ஆகியிருந்தது.

அன்றைக்குக் கணக்குத் தேர்வு. பட்டியலிலிருந்து பெயர் எடுக்கிற தேர்வு என்று நானே சொல்லிவைத்திருந்தேன். தாளைக் கொடுத்தேன். அவள் பெயரை எழுதத் தொடங்கினாள், முதல் எழுத்தே கோணிக்கொண்டு போனது. பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். எழுந்து உள்ளே போனாள், கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் தலைமையாசிரியர் போனில் கூப்பிட்டார். எங்கள் பள்ளியில் போன் பேச வேண்டுமானால் வெளியே சுற்றுச்சுவர் மூலைக்குப் போக வேண்டும், அங்கேதான் சிக்னல் அறுந்துபோகாமல் நிற்கும். ஏதோ ஒரு படிவம், எத்தனையோ விவரம், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் கத்திக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்து தாள்களை வாங்கினேன். நான்கு தாள்கள்.

"அவ எங்க டீச்சர்?" சத்துணவு அக்காதான் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

கதவைத் திறந்தேன். அவள் படுத்திருக்கவில்லை. சாக்கின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அசையாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு. கண் திறந்திருந்தது, கண்மணி கடுகளவுதான் இருந்தது. வாயோரம் நுரை. உடம்பு முழுக்க வேர்வை. கூப்பிட்டேன். அவள் தலை என் பக்கம் திரும்ப முயன்றது, திரும்பவில்லை. அப்படியே சாய்ந்தாள்.

"முருகா" என்று கத்தியது நானா, அக்காவா, நினைவில்லை. அவள் மேலெல்லாம் சில்லிட்டிருந்தது. குளிர் தாக்கிவிட்டதென்று அந்த அறையில் கிடந்த போர்வையையே எடுத்து அவளைச் சுற்றினோம். அந்தப் போர்வை முழுக்கப் பொடி என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்படிச் சுற்றிய பிள்ளையை இரண்டு மணி நேரம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

கேரட் மூட்டை ஏற்றவந்த ஜீப் ஒன்று கிடைத்தது. அவள் அம்மா காட்டிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்து ஏறிக்கொண்டார். "வெள்ளனே எந்திரிச்சு நல்லாத்தானே வந்தா! நல்லாத்தானே வந்தா!" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.  பூம்பாறை தாண்டி ஒரு வளைவில் காட்டுமாடு ஒன்று ரோட்டை அடைத்து நின்றது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"ஹாரன் அடிங்கண்ணே! வெரசாப் போங்க!"

"அடிச்சா முட்டிரும் டீச்சர். கொஞ்சம் பொறுங்க, அதுவாப் போகும்."

பொறுமை சொல்லிக்கொடுத்த நான் அந்த மனிதரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மாடு மூடுபனிக்குள் நின்று எங்களையே பார்த்தது. மடியில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அடுத்த மூச்சு வருமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மாடு இறங்கிப் போனது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்தார், குனிந்து சட்டையை முகர்ந்தார். அவ்வளவுதான், ஆட்களைக் கூப்பிட்டு எல்லாத் துணியையும் கழற்றி எறியச் சொன்னார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். பிறகு வெளியே வந்து, "என்ன மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"பூண்டுக்குப் போடுற வெள்ளப் பொடிங்க சார். வீட்டுல இல்ல, பள்ளிக்கூடத்துல அடுக்கியிருக்கு." அம்மா என் பக்கம் திரும்பினார். "அந்த ரூமுக்குப் பிள்ளைக போகுமா டீச்சர்?"

போகும் என்றேன். நான்தான் அனுப்பினேன் என்றேன். அவர் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மட்டும், "இது இன்னைக்கு ஒருநாள் சமாச்சாரம் மாதிரி தெரியலயேம்மா. வாரக்கணக்கா உள்ள போயிருக்கு. அந்த ரூம்ல வேற யார் யார் இருந்தாங்க?" என்றார். பிழைப்பாளா என்று கேட்டேன். மூன்று நாள் போகட்டும் என்றார்.

மறுநாள் காலை முதல் வண்டியில் ஊருக்குப் போனேன். நான்கு பையன்களையும் வகுப்புக்கு வெளியே, திறந்த வெளியில் நிறுத்தினேன். அவர்கள் சொல்லிவைத்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்கள். அப்படி நிற்க நான்தான் பழக்கியிருந்தேன்.

"ஏலே, யாருக்காவது தல வலிக்குதா? வயிறு வலி? கை நடுங்குதா?"

 ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள். நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். "சாமி சத்தியமா அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். சொல்லுங்கடா கண்ணுகளா" என்று கெஞ்சினேன். முதலில் ஒரு கை மேலே போனது. பிறகு இன்னொன்று. நான்கு கைகளும் போயின. நான்கும் லேசாக நடுங்கின.

"ஏன்டா சொல்லல? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா பட்டியல்ல இருந்து பேரு எடுக்க மாட்டீங்கன்னு அவதான் சொன்னா டீச்சர்" என்றான் சின்னவன். "கொஞ்ச நாளு தாங்கிக்கிட்டா போதும்னா."

நான்கு பேரையும் அதே வண்டியில் கொடைக்கானலுக்குக் கூட்டிவந்தேன். அவர்களுக்கு விஷம் அவ்வளவு ஏறவில்லை. அந்த அளவுக்கு அடக்கம் அவர்களுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ஓடிவந்துவிடுவார்களாம். அவள் ஒருத்திதான் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தவள்.

மூன்றாம் நாள் காலை கண் விழித்தாள். அவள் அம்மா டீ வாங்கக் கீழே போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கண்மணி பழைய அளவுக்கு வந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். தெரிந்த உடனே அவசர அவசரமாகக் கைகளை இழுத்துத் தொடைக்கு அடியில் வைக்கப் பார்த்தாள். ஒரு கையில் டியூப் செருகியிருந்தது, இழுபட்டது. நான் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்த்தா. கைய வெளிய விடு."

"இன்னும் நிக்கல டீச்சர்." குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "கோவிச்சுக்காதீங்க. நின்னதும் வெளிய வந்துர்றேன்."

நீ வெளியேதான் இருக்கிறாய், அந்த அறையில் இல்லை, இனிமேல் அங்கே போகவே வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்து, விரல்களை அசையாமல் வைத்திருக்கப் பாடுபட்டாள்.